பம்ப் கடைக்கு மேற்கே

ஆடி 4, புதன்

இன்று மில் ஏலத்துக்குப் போகும் வழியில் கார் நின்றுவிட்டது. ஏலம் இன்னொரு சாக்கு வியாபாரி வைரமணிக்குப் போய்விட்டது.

நடந்தது இவ்வளவுதான். ராஜபாளையம் மாவு மில்லில் ஒரு வருஷத்துக்கு விழுகிற காலிச் சாக்கு முழுவதும் ஒரே ஆளுக்குக் கொடுப்பார்கள். நேரில் வந்து நிற்கிறவனுக்குத்தான் விலை கேட்கிற உரிமை, அது அந்த மில் வழக்கம். ஏழு வருஷமாக நான் நின்றேன், நான் எடுத்தேன். இன்று என்னுடைய டீசல் அம்பாசிடர் ஏற்றத்தில் திணறி, கறுப்பாகப் புகை கக்கி, ஒரு குலுக்குக் குலுக்கி நின்றது. செல்ஃப் அடித்து அடித்துப் பேட்டரியும் படுத்தது. வைக்கோல் ஏற்றிய டிராக்டரில் தொற்றிக்கொண்டு போய் இறங்கினேன். வைரமணி வெளியே வந்துகொண்டிருந்தான்.

"என்ன அண்ணாச்சி, வைக்கோல் வியாபாரத்துக்கு மாறிட்டீயளா? சொல்லவே இல்லியே!"

மில் வாட்ச்மேன் வரைக்கும் சிரித்தான்.

காரில் பம்பை அவிழ்த்துச் சரிசெய்து மாட்டி ஒரு மாதம்கூட ஆகவில்லை. செய்தவன் ஞானதுரை. சங்கரன்கோவிலில் டீசல் பம்ப் கடை என்றால் அவன் கடை ஒன்றுதான். அவனை நான் விடப்போவதில்லை.

ஆடி 5, வியாழன்

மெக்கானிக் காசிம் காரைக் கட்டி இழுத்து வந்து பம்பைக் கழற்றி வைத்தான். பம்ப் என்பது படி அளக்கிற ஆள் மாதிரி. எந்த சிலிண்டருக்கு எவ்வளவு டீசல், எந்த நேரத்தில் என்று அளந்து அழுத்திக் கொடுக்கும். அப்படி அழுத்துகிற உள் தண்டுக்குத்தான் எலிமெண்ட் என்று பெயர். அது மக்கர் செய்தால் என்ஜின் எவ்வளவு நல்லதாக இருந்தும் பிரயோஜனம் இல்லை.

"உள்ள எலிமெண்டு சிக்கியிருக்கு மொதலாளி. ஃபில்டரு புதுசு போடுங்கன்னு அப்பவே சொன்னேன்லா?"

"அலசி மாட்டுனது நீதானல?"

"நீங்க அலசச் சொன்னீய, அலசுனேன். பிரஷ் போட்டுத் தேய்க்கச் சொன்னீய, தேய்ச்சேன்."

காசிம் எதற்கெடுத்தாலும் புதுசு வாங்கச் சொல்கிற ஆள். அவன் பேச்சைக் கேட்டிருந்தால் நான் இன்னும் சைக்கிளில்தான் போய்க்கொண்டிருப்பேன்.

டீசல் மேலும் குற்றம் சொல்ல முடியாது. விலை ஏறும் முன்னே ஒரு பேரல் வாங்கிக் குடோனில் வைத்துவிடுவேன். பேரல் வாயில் சாக்குத் துணியை இரண்டாக மடித்துக் கட்டி, வடித்துத்தான் காருக்கு ஊற்றுவது. பங்க் டீசலை விடச் சுத்தம்.

ஆகவே விஷயம் வேறு. போன மாதம் சரிசெய்த பம்பைத் திரும்ப வாங்கப் போன அன்று, ஞானதுரை பம்ப் பிரிக்கிற கண்ணாடி ரூமுக்குள் வைரமணி ஸ்டீல் நாற்காலி போட்டு உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தான். வெளியில் நின்று என் கண்ணால் பார்த்தேன். ஏலத்துக்கு முந்தின மாதம் வைரமணிக்கு அங்கே என்ன வேலை? நல்ல எலிமெண்டை எடுத்துவிட்டுத் தேய்ந்ததைப் போட்டுக் கொடுத்திருக்கிறான். இதைப் புரிந்துகொள்ள பி.ஏ. படிக்க வேண்டாம்.

ஆடி 7, சனி

நேரில் போய்க் கேட்டேன். படியேறும் முன்பே அவன் பெண்டாட்டி மரியபுஷ்பம் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். டெஸ்ட் பெஞ்சில் பம்பை ஓட்டி அளவு பார்ப்பது அவள்தான்.

"அண்ணாச்சி, அங்கனயே நில்லுங்க. உள்ள பம்பு பிரிச்சுக் கெடக்கு."

போன மாதமும் இதேதான். அன்று காசிம் கையெல்லாம் கிரீஸோடு உள்ளே போனான். அவனைத் தடுக்கவில்லை.

ஞானதுரை வெளியே வந்தான். நாற்பது வயசிருக்கும். பேச்சு சாந்தமாகத்தான் இருந்தது.

"கொண்டாங்க அண்ணாச்சி, அவுத்துப் பாப்போம். எம்மேல தப்புன்னா சும்மாவே செஞ்சு தாரேன்."

"பெட்டியத் தொறந்தவன்கிட்டயே திரும்பவும் சாவியக் குடுக்கச் சொல்லுதீரு."

"அப்ப வேற எங்கயாச்சும் காட்டுங்க."

"காட்டத்தான் போறேன். காட்டிட்டு ஒம்ம கடைய என்ன செய்யுதேன் பாரும்."

ஆடி 8, ஞாயிறு

காசிமிடம் பம்பைக் கொடுத்து மதுரைக்கு பஸ் ஏற்றினேன். குடோன் கூரையில் இரண்டு ஓடு மாற்றினேன்.

ஆடி 10, செவ்வாய்

மதுரையில் மூன்று கடை ஏறி இறங்கியிருக்கிறான். ஒருவரும் தொடவில்லை. பம்பில் டீசல் அளவை வைக்கிற ஸ்க்ரூவுக்கு மேலே கம்பி கோத்து ஈயத்தில் சீல் அடித்திருக்கிறது. ஒருவன் போட்ட சீலை வாரன்டி முடியும் முன் இன்னொருவன் வெட்ட மாட்டானாம். வெட்டினால் அப்புறம் யார் வேலையில் குற்றம் என்று யாராலும் சொல்ல முடியாது. அது பம்ப் கடைக்காரர்களுக்குள் உள்ள கட்டுப்பாடாம்.

"போட்டவருதான் பிரிக்கணும்ட்டாங்க மொதலாளி. ஒரு ஆளு டீ வாங்கிக் குடுத்து அனுப்பிச்சாரு."

பம்பைச் சாக்கில் சுற்றிக் கட்டிலுக்கு அடியில் வைத்திருக்கிறேன். திருநெல்வேலிக்கு இன்று பஸ்ஸில் போனேன். நின்றுகொண்டே.

ஆடி 11, புதன்

ஞானதுரை கடைக்கு மேற்கே ஒட்டினாற்போல் ஒரு காலி மனை இருக்கிறது. முன்பு மரக்கடை இருந்த இடம். ஆள் உயரச் சுவர். சொந்தக்காரர் புளியங்குடியில் இருக்கிறார். ஆடி மாதத்தில் எவனும் புது இடம் பிடிக்க மாட்டான் என்பதால் நான் போய்க் கேட்டதும் அவருக்கு நம்பவே முடியவில்லை.

இந்த மாதம் காற்று எந்தப் பக்கமிருந்து வீசும் என்று இங்கே சின்னப்பிள்ளைக்குக்கூடத் தெரியும். மேற்கே மலைக் கணவாயிலிருந்து கிளம்பினால் கடலைப் பார்க்கப் போகிற வரைக்கும் நிற்காது.

பாலம்மாள் சாமி படத்துக்கு முன்னால் நின்றுகொண்டு கத்தினாள். "கல்யாணம் ஆன நாள்லேருந்து பாக்கேன், ஆடியில ஒரு ஆணி அடிக்க மாட்டீய. இப்ப எடம் புடிக்கீய! எதுக்கு?"

சாக்கு உதற, என்றேன்.

ஆடி 13, வெள்ளி

ஆரம்பித்தாயிற்று.

சாக்கு உதறுவதைப் பார்க்காதவனுக்குச் சொன்னால் விளங்காது. உள்பக்கம் வெளியே வரும்படி புரட்டி, இரண்டு மூலையைப் பிடித்து ஒரு வீச்சு. பிறகு மூங்கில் கம்பால் நாலு சாத்து. தவிடு, சர்க்கரை, மாட்டுத் தீவனம், எந்தச் சாக்கோ அந்தத் தூசி புகையாகக் கிளம்பும். அதோடு சணல் நார். கண்ணுக்குத் தெரியாது, தொண்டையில் போய் நின்றால்தான் தெரியும். இருபது பெண்களை வரிசையாகச் சுவரோரம் நிறுத்தினேன். முதல் வீச்சிலேயே காற்று அதை அள்ளிக்கொண்டு சுவர் ஏறியது. முப்பது வருஷத்தில் என் தொழிலை நான் இவ்வளவு ஆசையாகப் பார்த்ததில்லை.

பம்ப் எலிமெண்டில் தலைமுடி நுழையக்கூட இடம் இருக்காது என்று போன மாதம் அந்த மரியபுஷ்பம்தான் கதவைப் பிடித்துக்கொண்டு எனக்குப் பாடம் நடத்தினாள். ஒரு துளித் தூசி போதுமாம், அப்படியே சிக்கிக்கொள்ளுமாம். நன்றாகத்தான் சொல்லிக் கொடுத்திருக்கிறாள்.

மத்தியானம் ஞானதுரை மனை வாசலுக்கு வந்தான். தலைமுடியெல்லாம் தவிடு.

"அண்ணாச்சி, இது ஞாயமா?"

"யாரு? அங்கனயே நில்லும். உள்ள சாக்கு பிரிச்சுக் கெடக்கு."

அவன் முகத்தைப் பார்க்க வேண்டுமே.

"நாங்க பொழைக்கிறது அந்த ஒத்த ரூம வச்சித்தான்."

"நான் பொழைக்கிறது இந்தச் சாக்க வச்சித்தான். ஒம்ம ரூம்ல நான் வந்து ஒதறல. என் எடத்துல ஒதறுதேன். காத்துக்கிட்டப் போயிக் கேளும்."

இருபது பெண்களும் கொல்லென்று சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. முதலாளி சிரிக்கக் கூடாது.

ஆடி 16, திங்கள்

இன்று மஞ்சள் சாக்கு. கண்ணாடி ரூம் கோவில் மாதிரி மஞ்சளாகிவிட்டது.

ஆடி 19, வியாழன்

சேலையை நனைத்து ஜன்னலுக்கெல்லாம் கட்டியிருக்கிறார்கள். காலையில் காற்று எழும்பும் முன் ஒரு பம்பைப் பிரித்து மூடுகிறார்களாம், அதற்குப் பிறகு வேலையே இல்லையாம். பால் வேன் ஒன்று போன வாரம் செய்த பம்ப் சிக்கிக்கொண்டு திரும்பி வந்திருக்கிறது. லாரிக்காரர்கள் ராஜபாளையத்துக்குப் போக ஆரம்பித்துவிட்டார்கள். இதெல்லாம் காசிம் சொன்னது. சொல்லும்போது என் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்.

இரவுச் சோற்றுக்கு உட்கார்ந்தேன். பாலம்மாள் குழம்பை ஊற்றிக்கொண்டே கேட்டாள்: "ஏலம் போச்சின்னா இவ்வளவு கோவம்?"

"வேற எதுக்காம்?" என்றேன்.

"போன மாசம் பம்பு வாங்கிட்டு வந்தன்னிக்கே சட்டையக் கழட்டி முத்தத்துல எறிஞ்சீயளே. தொவைச்சு ரெண்டு நாளு ஆனப்பறமும் அதப் போட மாட்டேன்னீய. அன்னிக்கு ஏலம் போகலியே."

பாலம்மாளுக்கு ஞாபகம் ஜாஸ்தி. சாப்பிட உட்கார்ந்தால் சாப்பிட்டு எழுந்துவிட வேண்டும், பேச்சுக் கொடுக்கக் கூடாது.

நான் ஆரம்பத்தில் சைக்கிளில் அரிசி மில் அரிசி மில்லாகப் போவேன். கேட்டுக்குள் விடமாட்டார்கள். தூசி பிடித்தவன் நெல் களத்தை மிதிக்கக் கூடாதாம். காலிச் சாக்கைச் சுவருக்கு மேலாக வெளியே வீசுவார்கள். பிடிக்கத் தெரிந்தவனுக்கு வியாபாரம். நான் நன்றாகப் பிடிப்பேன். அதற்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. கை எழுதுகிறது, எழுதுகிறேன்.

ஆடி 21, சனி

மரியபுஷ்பம் முகத்தில் துணியைக் கட்டிக்கொண்டு சுவருக்கு அந்தப் பக்கம் கல் மேல் ஏறி நின்றாள். தலை மட்டும் தெரிந்தது.

"அண்ணாச்சி! ஒங்க கோவம் பம்பு மேலயா, என் மேலயா? ஒண்ணச் சொல்லிட்டு அடிங்க!"

பெண்கள் கையை நிறுத்திவிட்டார்கள். நான் என்ன பதில் சொல்வேன் என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் கணக்கு எழுதுகிறவன் மாதிரி குனிந்துகொண்டேன்.

"வைரமணி அண்ணாச்சிய உள்ள விட்டேன்னுதான? அவரு சாக்கத் தொட்டு பத்து வருசமாச்சி! அவரு சட்டையில என்ன இருக்கும், சென்ட்டுதான் இருக்கும்! நீங்க தொழிலு செய்யுத ஆளு, ஒங்க மேல தூசி இருக்கும். அதச் சொன்னா தப்பா?"

"அடிங்கட்டீ," என்றேன். அடித்தார்கள். முன்பு மாதிரி அடிக்கவில்லை.

ஆடி 24, செவ்வாய்

வியாபாரிகள் சங்கச் செயலாளர் பிச்சையா அண்ணாச்சி கூப்பிட்டு அனுப்பினார். ஞானதுரையும் இருந்தான். இளைத்திருந்தான்.

பிச்சையா அண்ணாச்சி சுருக்கமாகப் பேசுகிற ஆள். "அவரு பழைய சாமான் போட்டாருன்னு நீரு சொல்லுதீரு. போடலன்னு அவரு சொல்லுதாரு. நடுவுல ஒரு சீல் இருக்கு. எங்க முன்னால வெட்டுவோம். பழசு இருந்தா அவரு கடையப் பூட்டிட்டுப் போவட்டும். என்ன ஞானதுரை?"

"போறேன்," என்றான். யோசிக்கவே இல்லை. "ஆனா பிரிக்கிற அன்னிக்கும் முந்துன நாளும் சாக்கு ஒதறக் கூடாது. ரூம கழுவணும்."

எனக்கு இனித்தது. கடையைப் பூட்டிச் சாவியை என் கையில் தரவேண்டும் என்று ஒரு வார்த்தை சேர்த்துக்கொள்ளச் சொன்னேன். சேர்த்தார்கள்.

ஆடி 27, வெள்ளி

உதறவில்லை. மனையில் காற்று மட்டும் சும்மா வீசிக்கொண்டிருந்தது. சுவருக்கு அப்புறம் தண்ணீர் ஊற்றிக் கழுவுகிற சத்தம் நாள் முழுக்க.

ஆடி 28, சனி

புதுச் சட்டை போட்டுக்கொண்டு போனேன். ஆனாலும் கண்ணாடிக்கு வெளியேதான் நின்றோம், பிச்சையா அண்ணாச்சி, சங்கத்து ஆட்கள் இரண்டு பேர், நான். வைரமணியும் வேடிக்கை பார்க்க வந்து நின்றான். காசிம் மட்டும் உள்ளே.

சீலை எங்களிடம் காட்டினார்கள். அவன் முத்திரைதான், கை படவில்லை. பைப் வாய்க்கெல்லாம் காசிம் கழற்றிய அன்றே போட்ட மூடிகள் அப்படியே இருந்தன. மரியபுஷ்பம் கம்பியை வெட்டினாள். ஞானதுரை ஒவ்வொன்றாகக் கழற்றி டீசலில் அலசித் தட்டில் வைத்தான். துணியால் துடைக்கவில்லை. துணியே அந்த ரூமில் இல்லை.

எலிமெண்டை எடுத்துக் கண்ணாடிப் பக்கம் திருப்பிப் பிடித்தான். புதுசு. தயாரித்த வருஷமும் நம்பரும் அதிலேயே இருக்கிறது.

பிறகு சின்ன இடுக்கியால் உள்ளேயிருந்து எதையோ எடுத்தான். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். மரியபுஷ்பமும் பார்த்தாள். இரண்டு பேரும் சேர்ந்து தலையைத் தூக்கி, கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தார்கள்.

இப்போது கத்துவான் என்று நினைத்தேன். நானாக இருந்தால் கத்தியிருப்பேன். வைரமணியை உள்ளே கூப்பிட்டுக் கையில் கொடுத்துக் காட்டியிருப்பேன்.

ஞானதுரை அதை ஒரு சின்னக் கிண்ணத்தில் போட்டு மூடிவிட்டு வெளியே வந்தான்.

"எலிமெண்டு புதுசு, அதப் பாத்துட்டீய. சிக்குனதுக்குக் காரணம் என்னன்னு இன்னும் ரெண்டு நாளு பெஞ்சுல வச்சுப் பாக்கணும். பாத்துட்டு அண்ணாச்சிகிட்ட நானே சொல்லுதேன்."

"இப்பவே சொன்னா என்னவாம்?" என்றான் வைரமணி. கழுத்தை நீட்டிக் கிண்ணத்தைத் தேடினான்.

"ஒங்க பம்பு வரும்போது ஒங்ககிட்டச் சொல்லுதேன்," என்றாள் மரியபுஷ்பம்.

ஆடி 29, ஞாயிறு

பேரலைச் சாய்த்து அடி டீசலை வாளியில் பிடித்தேன். வெயிலில் வைத்துப் பார்த்தேன். நிழலில் வைத்தும் பார்த்தேன். பேரல் வாயில் கட்டியிருந்த சாக்குத் துணி ஓரம் பிரிந்திருந்தது. தூர எறிந்தேன்.

ஆடி 30, திங்கள்

ஞானதுரை குடோனுக்கு வந்தான். நடையிலேயே நின்றான். நான் ஒன்றும் சொல்லவில்லை, அவனாகத்தான் நின்றான். சட்டைப் பையிலிருந்து அந்தக் கிண்ணத்தை எடுத்துத் திறந்து காட்டினான்.

ஒரு நார். சுண்டுவிரல் நகத்தளவு. நிறத்தைப் பார்த்தாலே தெரியும், எனக்குத் தெரியாவிட்டால் வேறு யாருக்குத் தெரியும்.

"சாக்குல சுத்தி வச்சிருந்தேன்," என்றேன். "அதுலேருந்து ஒட்டியிருக்கும்."

"மூடி போட்டிருந்துச்சி அண்ணாச்சி. சீலுக்கு உள்ள இருந்துச்சி. இன்னும் நெறையா இருக்கு, எண்ணிப் பாக்கல. தவிடும் இருக்கு." சுற்றிலும் பார்த்தான். அடுக்கிய சாக்கு, மூலையில் கவிழ்த்த பேரல், எல்லாவற்றையும் பார்த்தான். "எங்க ரூமுக்குள்ள நீங்க ரெண்டு வாரமா அனுப்புனது, ஒங்க வண்டிக்குள்ள அதுக்கும் முந்தியே போயிருக்கு."

எனக்கு அப்போது வந்த கோபம் யார் மேல் என்று எழுத இஷ்டமில்லை.

"சனிக்கிழம ஏன் சொல்லல?"

"சொல்லியிருந்தா ஒங்க பேரு போயிருக்கும். சந்தை பூரா சிரிச்சிருக்கும். அதுக்கப்பறம் நீங்க சாக்கு ஒதறுறத நிறுத்துவீயளா? ரெண்டு மடங்கா ஒதறுவீய. நானும் கடை வச்சிப் பொழைக்கிறவன்தான் அண்ணாச்சி." கிண்ணத்தை மூடினான். "இது இப்ப எங்கிட்ட இருக்கு. சொல்லட்டுமா, வச்சிக்கிடட்டுமா?"

முப்பது வருஷ வியாபாரத்தில் என்னிடம் இப்படி விலை வைத்தவன் இல்லை. அவன் மேல் எனக்கு முதல்முறையாக ஒரு மரியாதை வந்தது. வந்தாலும் ஆத்திரம் போகவில்லை. அந்த இருபது பெண்களின் வீச்சு இன்னும் என் தோளில் இருக்கிறது. இனி ஒரு நாள், ஒரே ஒரு மஞ்சள் சாக்கு நாள் கிடைத்தாலும் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன்.

"உள்ள வாரும்வே," என்றேன். "நடையில நின்னு வியாபாரம் பேசக் கூடாது."

சாக்குக் கட்டின் மேல் உட்கார்ந்தான். அவன் பேசினான், நான் பேசினேன். எல்லாம் படிந்த பிறகு கடைசியாக ஒன்று கேட்டேன். அவன் சிரிப்பான் என்று பார்த்தேன். சிரிக்கவில்லை.

"அத அவகிட்டத்தான் கேக்கணும்," என்றான்.

ஆடி 31, செவ்வாய்

மரியபுஷ்பம் காசிமிடம் சொல்லி அனுப்பியிருக்கிறாள்: சரியாம். ஆனால் சட்டையை அவள் தருகிறதைத்தான் போட வேண்டுமாம்.

ஆவணி 1, புதன்

பம்ப் மாட்டியாயிற்று. காசிம் டீசல் பைப்பில் இருந்த காற்றை வெளியே எடுத்துவிட்டு ஒரு செல்ஃப் அடித்தான், பிடித்துக்கொண்டது. புகை இல்லை.

பேசி முடித்தது இது. மேற்கு மனை எனக்கே இருக்கும், ஆனால் அங்கே சாக்கு அடுக்குவதோடு சரி. உதறுவது ஊருக்குக் கிழக்கே. பம்ப் வேலைக்கு அவனுக்குக் கூலி கிடையாது, போட்ட சாமானுக்கு மட்டும் நான் கொடுப்பது. திரும்பி வந்த பால் வேனின் செலவு என்னுடையது. காருக்கு இனிமேல் பங்க் டீசல், ஃபில்டர் புதுசு, காசிம் சொல்கிற நாளில். பம்ப் ஏன் சிக்கியது என்று சங்கத்தில் கேட்டால் "தண்ணி கலந்த டீசல்" என்று அவனே சொல்வான். கிண்ணம் அவனிடமே இருக்கும்.

என் வண்டிப் பம்ப் பிரிக்கிற ஒவ்வொரு தடவையும், துவைத்து மடித்த கடைச் சட்டை ஒன்று எனக்குத் தருவார்கள். அதைப் போட்டுக்கொண்டு நான் கண்ணாடிக் கதவுக்கு உள்ளே இருப்பேன். நிற்க மாட்டேன். வைரமணி உட்கார்ந்த அந்த ஸ்டீல் நாற்காலி எனக்கு.